ரிக்கின் பின்பக்கம்

“ரிசீவ் அருமையா இருக்கு சார். பிடிடி அழுத்தி நாலு வார்த்தை பேசினதும் ரிக் படுத்துக்குது.”

மேசை மேல் வைத்து இயக்கும் எச்எஃப் ரிக் (ஹாம் ரேடியோக்காரர்கள் சிற்றலையில் பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் பெட்டி) வாங்கியவர்களிடம் நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேட்கக் கிடைக்கிற முதல் புகார் இதுதான். பிடிடி என்பது பேசுவதற்கு மைக்கில் அழுத்தும் பொத்தான். லட்சத்தைத் தாண்டிய பெட்டி. வாங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பதறிப் போய் கை உடனே முன்பக்கத்துக்குத்தான் போகும்: மெனுவைத் திறப்பார்கள், ரீசெட் போடுவார்கள், ஃபர்ம்வேரை ஏற்றி இறக்குவார்கள். கோளாறோ பெரும்பாலும் முதுகுப்பக்கம் உட்கார்ந்திருக்கும். அங்கே செருகியிருக்கும் வயர்களும், அவை போய்ச் சேரும் பேட்டரி, எர்த், ஆண்டெனா, கம்ப்யூட்டர் நாலும்தான் ரிக்கின் பாதி. அந்தப் பாதியைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன். முன்பக்கத்தைச் சொல்லித்தர ஆயிரம் வீடியோ இருக்கிறது.

எந்த ரிக் என்ற கேள்வியை முதலிலேயே முடித்துவிடலாம். 2016இல் வந்த ஐகாம் ஐசி-7300, எச்எஃப்போடு 6 மீட்டர் பேண்டும் சேர்த்து 100 வாட் (பேண்டை அதன் அலை நீளத்தால் அழைப்பது வழக்கம்). ஆண்டெனாவில் வரும் சிக்னலை நேரடியாக டிஜிட்டலாக்கி, பேண்டையே திரையில் விரித்துக் காட்டும். யேசு எஃப்டி-991ஏ அதே 100 வாட்டோடு 2 மீட்டரையும் 70 சென்டிமீட்டரையும் 50 வாட்டில் தரும். கென்வுட் டிஎஸ்-590எஸ்ஜி பழைய சூப்பர்ஹெட் வழியில் (வரும் சிக்னலை முதலில் வேறு அலைவரிசைக்கு மாற்றிக்கொள்ளும் முறை) நிற்கும் நல்ல காது. வெறும் பேச்சுக்கு ஐகாம் ஐசி-718 இன்னும் போதும். இவற்றுக்குள் எது உயர்ந்தது என்று விடிய விடிய வாதிடலாம். 40 மீட்டரில் சேலத்துக்காரரோடும் கொச்சிக்காரரோடும் பேசுவதற்கு அந்த வித்தியாசம் காதில் விழாது. ஒன்று மட்டும் யோசித்து வாங்குங்கள். 991ஏ-வின் விஎச்எஃப் பக்கத்துக்காக, அதாவது அந்த 2 மீட்டருக்காக, கூடுதல் பணம் கொடுப்பதானால் உங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஓசூர் மேட்டில், கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூருப் பக்கம் திறந்த வெளி. அங்கிருந்து இறங்கி கிருஷ்ணகிரி வந்தால் மேடே மறைத்துக்கொள்ளும். தருமபுரிக்குத் தெற்கே தொப்பூர்க் கணவாயும் சேர்வராயன் மலையும் குறுக்கே நிற்கும். விஎச்எஃப் அலைக்கு எதிர்ப்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தால்தான் சுகம். எச்எஃப்புக்கு அந்தக் கவலை இல்லை. மேலே போய்த் திரும்பி இறங்கும்.

இனி, படுத்துக்கொள்ளும் ரிக்.

7300-க்குத் தேவை 13.8 வோல்ட், 15 சதவீதம் கூடலாம், குறையலாம். கீழ் எல்லை 11.7 வோல்ட். ரிசீவில் ஒரு ஆம்பியர் சுற்றித்தான் குடிக்கும், 100 வாட்டில் பேசும்போது 21 ஆம்பியர் வரை இழுக்கும். இருபது மடங்கு. ரிசீவ் அருமையாக இருப்பதும் பேசினால் படுத்துக்கொள்வதும் இந்த ஏற்றத்தாழ்வால்தான்.

கணக்கைப் பாருங்கள். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைத்த 2.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயர், பேட்டரியிலிருந்து மேசைக்கு 3 மீட்டர். போக 3, வர 3, ஆக 6 மீட்டர் செம்பு. மீட்டருக்கு ஏறக்குறைய 7 மில்லி ஓம், மொத்தம் 41 மில்லி ஓம். 20 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே 0.8 வோல்ட் போய்விடும். கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரி வீட்டுக்கு ரெண்டு மணி நேரம் ஓடி முடித்து 12.2 வோல்ட்டில் நிற்கிறது என்று வையுங்கள். சுமை ஏறியதும் 12-க்கு இறங்கும். வயரில் போனதைக் கழித்தால் ரிக் வாசலில் 11.2. ஃபியூஸ் ஹோல்டரின் தளர்ந்த ஸ்பிரிங் தின்பதை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. ரிக் படுத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் அதே 6 மீட்டரில் இழப்பு 0.35 வோல்ட்டுக்குள் அடங்கும். அதைவிட நல்லது, பேட்டரியை மேசைக்குக் கீழேயே வைத்து ரிக்கோடு வந்த கேபிளை அப்படியே மாட்டுவது. அந்தக் கேபிளில் பிளஸ், மைனஸ் இரண்டிலும் ஃபியூஸ் இருக்கும். மைனஸில் எதற்கு என்று வெட்டி எறிகிறவர்கள் உண்டு. வெட்டாதீர்கள். பேட்டரியின் மைனஸ் வயர் எங்காவது கழன்றால் மொத்தக் கரண்டும் எர்த் வயர் வழியாக, கோஆக்ஸ் எனும் ஆண்டெனா கேபிளின் உறை வழியாக வழி தேடும். அப்போது காப்பாற்றுவது மைனஸ் ஃபியூஸ்தான்.

சோதிக்கும் முறை இது. ஆண்டெனாவைக் கழற்றி 50 ஓம் டம்மி லோடு (பவரை வெளியே விடாமல் சூடாக்கிக் கரைக்கும் ரெசிஸ்டர்) மாட்டுங்கள். எச்எஃப்பில் வழக்கமாகப் பேசும் எஸ்எஸ்பி முறையில் பேசிப் பார்த்தால் கரண்ட் ஏறி இறங்கி மீட்டரை ஏமாற்றும். பவர் சீராகப் போகும் ஆர்டிடிஒய் அல்லது எஃப்எம் முறைக்கு மாற்றி ஐந்து விநாடி மட்டும் பிடிடியை அழுத்துங்கள். 7300-இன் திரையிலேயே மல்டி மீட்டரைத் திறந்தால் வோல்ட்டேஜும் கரண்டும் சேர்ந்து தெரியும். அழுத்தாதபோது 13.6, அழுத்தியதும் 13.1 என்றால் கேபிள் நலம். ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இடம்தான் குற்றவாளி.

டம்மி லோடு கைவசம் இல்லாதவர்கள் 1 கிலோ ஓம், 2 வாட் மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டர் 20-ஐ இரண்டு செப்புத் தகடுகளுக்கு நடுவே பக்கவாட்டில் இணைத்தால் 50 ஓம் வரும். 40 வாட் தாங்கும். 100 வாட் என்றால் சில விநாடிகள்தான். வெள்ளைச் செங்கல் மாதிரி இருக்கும் சிமென்ட் ரெசிஸ்டரை வாங்கிவிடாதீர்கள். உள்ளே சுருள் கம்பி, எச்எஃப்பில் அது 50 ஓமாக நடந்துகொள்ளாது.

பேட்டரி வேண்டாம், பவர் சப்ளையே போதும் என்பவர்களுக்கு நம் பக்கத்தில் வேறு ஒரு தலைவலி. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி வாங்கிய பழைய லீனியர் சப்ளை சத்தமில்லாதது, நம்பகமானது, ஆனால் கரண்ட் 230-க்குப் பக்கத்தில் இருந்தால்தான். 18 வோல்ட் செகண்டரியில் 230 வந்தால் ரெகுலேட்டருக்கு 23 வோல்ட் போல நிற்கும். சுற்றிலும் மோட்டார் ஓடி லைன் 170-க்கு இறங்கினால் அது 17-க்கு வந்துவிடும். கெப்பாசிட்டரின் ஏற்ற இறக்கத்தில் பள்ளம் 16-க்கும் கீழே விழும், ரெகுலேட்டர் கைவிட்டுவிடும். எதிர்முனையில் கேட்பவர் “உங்க ஆடியோவில் ஹம் வருதுங்க” என்பார். மைக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. எஸ்எம்பிஎஸ் எனும் ஸ்விட்சிங் வகை சப்ளை இந்த இறக்கத்தைச் சமாளிக்கும். ஆனால் எல்இடி சீரியல் செட்டுக்கும் சிசிடிவிக்கும் விற்கும் மலிவான 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ், பேண்டு முழுக்க இரைச்சலைக் கொட்டும். தொலைத்தொடர்புக்கென்று செய்த 30 ஆம்பியர் சப்ளைதான் கட்டுப்படியாகும்.

மூன்று ஃபேஸ் உள்ள வீட்டில், ஒரு ஃபேஸ் மங்கினால் சுவிட்சைத் திருகி இன்னொன்றுக்கு மாற்றுவது நமக்கெல்லாம் பழக்கம். மாற்றும் முன் ரிக்கின் சப்ளையை நிறுத்துங்கள். நியூட்ரல் அறுந்த நாளில் 230 வரவேண்டிய பிளக்கில் 400-ஐ நெருங்கி வரக்கூடும். ஸ்டெபிலைசர் அந்த நேரத்தில் உதவாது. உயர் வோல்ட்டேஜில் தானாக அறுத்துக்கொள்ளும் ரிலே ஒன்று மெயினில் இருக்கட்டும்.

ஆண்டெனாவுக்கு வருவோம். 40 மீட்டர் டைபோல் (நடுவில் கேபிள் சேரும் இரண்டு கைக் கம்பி ஆண்டெனா) ஒன்று ஒழுங்காகக் கட்டினாலே ரிக்கின் மீதான பாதிப் புகார் போய்விடும். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு 20.1 மீட்டர், ஒரு கைக்கு 10 மீட்டர் சொச்சம். பிளாஸ்டிக் உறை போட்ட வயரானால் சிக்னல் அதில் சற்று மெதுவாக ஓடும். கடைசியில் 3 சதவீதம் போலக் குறைக்க வேண்டியிருக்கும். வெட்டி எறியாமல் முனையை மடித்துக் கட்டிச் சரிபாருங்கள், ஆண்டெனாவை அளக்கும் நானோ விஎன்ஏ கருவி இருந்தால் பத்து நிமிட வேலை. நடுவில் 10 மீட்டர் ஜிஐ பைப், இரண்டு கைகளும் சரிந்து மாந்தோப்பு ஓரம் 3 மீட்டர் உயரத்தில் முடியட்டும். ஆள் கைக்கு எட்டக் கூடாது. 100 வாட்டில் முனையில் இருக்கும் வோல்ட்டேஜ் தோலைப் பொசுக்கும்.

இந்த உயரம் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. 40 மீட்டர் அலைக்கு 10 மீட்டர் என்பது கால் அலை நீளம். சிக்னலின் பெரும்பகுதி செங்குத்தாக மேலே ஏறி, தலைக்கு மேல் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்த மாதிரி 400, 500 கிலோமீட்டருக்குள் இறங்கும். பகலில் சென்னை, மதுரை, கொச்சி எல்லாம் பக்கத்து வீடு. பொழுது சாய்ந்ததும் அந்தக் குடை மறைந்து, பக்கத்து ஊர்க்காரர் காணாமல் போய் எங்கோ தூரத்துக்காரர் கேட்பார். ரிக்கின் ரிசீவர் செத்துவிட்டது என்று அந்த நேரத்தில் முடிவுகட்ட வேண்டாம். 80 மீட்டருக்கு இறங்கினால் பக்கத்து ஊர் திரும்பக் கிடைக்கும். அதற்கு 40 மீட்டர் கம்பி கட்ட இடம் வேண்டும். டவுனில் கஷ்டம், பாலக்கோடு பக்கத் தோட்டத்தில் கஷ்டமில்லை.

தென்னை மரத்தில் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மரம் ஆடும். முனையை இறுக்கிக் கட்டாமல், கயிற்றைக் கப்பியில் போட்டு மறுமுனையில் ஒரு வாட்டர் கேனை எடைக்குத் தொங்கவிடுங்கள். ஆடி மாதக் காற்றில் கம்பி அறுவதும் எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா ஏற்காமல் பவர் திரும்பி வருவதைக் காட்டும் அளவு) குதிப்பதும் நின்றுவிடும்.

டைபோலின் நடுவில், கோஆக்ஸ் சேரும் இடத்தில், சோக் (உறையின் வெளிப்பக்கம் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் கோஆக்ஸின் உறையும் ஆண்டெனாவாகி, ஆர்எஃப்பை, அதாவது ரேடியோ அலையின் மின்சக்தியை, அறைக்குள் கூட்டிவரும். மைக்கின் இரும்பு சுரீர் என்று கடிக்கும். கம்ப்யூட்டர் மவுஸ் உறையும். டச் ஸ்கிரீன் தானாக மெனு மாறும். ஃபெரைட் கிடைத்தால் 31 வகை வளையத்தில் 10, 12 சுற்று. கிடைக்காவிட்டால் 4 அங்குல பிவிசி பைப்பில் ஆர்ஜி-58 கோஆக்ஸை 18 சுற்று, அருகருகே, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் சுற்றுங்கள். ஆறரை மீட்டர் கேபிள் செலவாகும். பார்க்க அசிங்கமாக இருக்கும், பெயரே ‘அக்லி பேலன்’ (ugly balun)தான். வேலை செய்யும்.

கோஆக்ஸ் பிளக் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். உரிமையாளர்கள் “ரிசீவ் விட்டு விட்டு வருது” என்று சர்வீஸுக்கு அனுப்பும் ரிக்குகளில் இந்த ஒற்றை பிளக் செய்யும் அநியாயம் கொஞ்சமல்ல. ஆர்ஜி-213 கேபிளுக்கு பிஎல்-259 போடும் விதம்: வெளி உறையை முனையிலிருந்து 28 மில்லிமீட்டர் உரியுங்கள். அதில் முனைப்பக்கம் 16 மில்லிமீட்டருக்கு, பின்னலையும் உள்ளிருக்கும் வெள்ளை பிளாஸ்டிக்கையும் நீக்கினால் நடுக்கம்பி வெளியே வரும். மீதி 12-இல் பின்னல் இருக்கும். அதன் விளிம்பை மட்டும் ஒன்றரை மில்லிமீட்டர் பின்னுக்கு வெட்டி ஈயம் பூசுங்கள், ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். இப்போது, பிளக்கை மாட்டும் முன்னால், சுழலும் வளையத்தைக் கேபிளில் போட்டுவிட்டீர்களா? இதை மறந்து சால்டர் முடித்துத் தலையில் அடித்துக்கொள்ளாத ஹாம் கிடையாது. பிளக்கைத் திருகி ஏற்றி, பக்கவாட்டு ஓட்டைகள் வழியே பின்னலையும் நுனியில் நடுக்கம்பியையும் சால்டர் செய்ய வேண்டும். மொபைல் கடை 25 வாட் அயர்ன் இதற்கு உதவாது. பிளக்கின் உடம்பு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஈயம் மேலே உருண்டையாக நிற்கும், உள்ளே ஒட்டியிருக்காது. 80, 100 வாட் அயர்ன் வேண்டும். ஓட்டை வழியாக ஈயம் தண்ணீர் மாதிரி உள்ளே இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே எடுங்கள்.

மழை பெய்தால் எஸ்டபிள்யூஆர் ஏறுகிறது, வெயில் வந்தால் இறங்குகிறது என்றால் பிளக்கில் தண்ணீர். வெறும் பிவிசி டேப் நம்ம ஊர் வெயிலில் பசை உருகி இரண்டு மாதத்தில் பிரிந்து தொங்கும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் பிவிசி டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓடு வேய்கிற மாதிரி. வீட்டுக்குள் நுழையும் முன் கேபிள் ஒரு தொங்கலாக இறங்கி ஏற வேண்டும். தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

ரிக்குக்குள் இருக்கும் ட்யூனரை நம்பி மோசமான ஆண்டெனாவை ஓட்டுவது இன்னொரு பழக்கம். 7300-இன் ட்யூனர் எஸ்டபிள்யூஆர் 3:1 வரைதான் சமாளிக்கும். அது ரிக்கைச் சமாதானப்படுத்துகிறது, ஆண்டெனாவைத் திருத்துவதில்லை. கேபிளின் நீளமும் அப்படித்தான்: 30 மீட்டர் ஆர்ஜி-58, 40 மீட்டர் பேண்டில் ஒரு டெசிபெல் சொச்சம்தான் தின்னும், பரவாயில்லை. அதே கேபிளில் 145 மெகாஹெர்ட்ஸ் என்றால் முக்கால்வாசிப் பவர் வழியிலேயே சூடாகப் போய்விடும். 991ஏ-காரர்கள் கவனிக்க.

எர்த். இங்கேதான் நம் மாவட்டங்கள் பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போவதில்லை. கிரானைட் வெட்டி ஏற்றுமதி செய்யும் மண்ணில் 10 அடி எர்த் ராடு அடி என்றால் எங்கே அடிப்பது? பல இடங்களில் ரெண்டடி தோண்டினால் பாறை கடப்பாரையைத் திருப்பி அனுப்பும். ஆழம் போக முடியாவிட்டால் அகலம் போக வேண்டியதுதான். இரண்டடி ஆழத்தில் ஐந்தாறு மீட்டர் நீளப் பள்ளம், அதில் 25-க்கு 3 மில்லிமீட்டர் ஜிஐ பட்டை, சுற்றிலும் பென்டோனைட் களிமண் குழைத்துப் போட்டு மூடலாம். கரியும் உப்பும் போடலாம்தான், ஆனால் உப்பு ஜிஐ பட்டையை அரித்துவிடும். பட்டை போகும் இடத்தில் குளியலறைத் தண்ணீர் விழுந்தால் இன்னும் நல்லது.

போர்வெல்லின் இரும்புக் கேசிங் பைப்பை எர்த்தாகப் பிடிக்கலாமே என்பார்கள். ஆழமாகப் போகிறது, ஈரம் இருக்கிறது, ஆசைதான். நான் பிடிக்க மாட்டேன். சப்மெர்சிபிள் மோட்டாரின் காயில் கசிந்த அன்று கேசிங்கில் கரண்ட் ஏறும், ரிக்கின் உடம்பிலும் ஏறும். பிடித்தே ஆக வேண்டுமென்றால் வீட்டு எர்த்தோடு கனமான கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டுப் பிடியுங்கள். பொதுவாகவே விதி அதுதான்: ரிக், சப்ளை, இடியை எர்த்துக்குத் திருப்பும் ஆண்டெனா அரெஸ்டர், வீட்டு எர்த் எல்லாம் ஒரே புள்ளியில் சேர வேண்டும். தனித்தனியாக இரண்டு எர்த் இருந்தால் இடி விழும்போது அவற்றுக்கு நடுவே எழும் வோல்ட்டேஜ் ரிக்கின் வழியாகத்தான் பாயும். டைபோல் பேசுவதற்கு எர்த் தேவையே இல்லை. எர்த் தேவைப்படுவது இடிக்காகவும் ஷாக்குக்காகவும்தான். எர்த் போட்டால் சிக்னல் கூடும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் மாங்காய் உதிர்க்கும் கோடை மழை வரும். பிறகு புரட்டாசி, ஐப்பசியில் மறுபடியும். மேகம் கறுத்தால் கோஆக்ஸைக் கழற்றி மேசை ஓரம் போடுவது பாதிக் காரியம். அந்த முனையிலிருந்து ரிக்குக்கு ஒரு பொறி தாவ ஓரடி இடைவெளி பெரிய விஷயமில்லை. ஜன்னலுக்கு வெளியே, எர்த் பட்டையில் பொருத்திய சாக்கெட் ஒன்றில் மாட்டிவிட்டு வாருங்கள். அதையும் மழை வருவதற்கு முன்னால் செய்ய வேண்டும். இடி இடிக்கும்போது போய்ப் பிளக்கைப் பிடிக்காதீர்கள். டிசி கேபிளையும் யுஎஸ்பியையும்கூடக் கழற்றுங்கள். எரிந்த ரிக்குகளில் இடி ஆண்டெனா வழியாக மட்டும் வருவதில்லை.

இரைச்சல் விஷயத்தில் நம் ஊருக்கென்றே சில ஓசைகள் உண்டு. வீட்டு மெயினை அணைத்துவிட்டு ரிக்கைப் பேட்டரியில் ஓட்டுங்கள். சிக்னலின் பலம் காட்டும் எஸ் மீட்டர் 9-இலிருந்து 3-க்கு இறங்கினால் எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். எம்சிபிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தால் பிடிபடுவான்: எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், செட்டாப் பாக்ஸின் அடாப்டர், குமிழைத் திருகும் பழைய வகை ஃபேன் ரெகுலேட்டர். கெப்பாசிட்டர் வைத்த படிப்படி ரெகுலேட்டர் சத்தம் போடாது, அதை மாற்றினாலே பாதி அமைதி.

மெயினை அணைத்தும் குறையவில்லை என்றால் வெளியிலிருந்து வருகிறது. காலை ஒன்பதுக்கு ஆரம்பித்துச் சாயங்காலம் நாலுக்கு அடங்கி, மேகம் மறைத்தால் சற்றுத் தணியும் இரைச்சல், சோலார் பம்பின் டிரைவ். நல்ல வெயிலில் கரகரவென்று எப்போதும் இருந்து, ஒரு மழை பெய்ததும் காணாமல் போவது மின்கம்பத்து இன்சுலேட்டரில் படிந்த தூசி. இந்த இரண்டையும் 7300-இன் திரையில் பேண்டு வழிந்து ஓடும் வாட்டர்ஃபால் படத்தில் பார்த்தே பிரிக்கலாம்: டிரைவும் எஸ்எம்பிஎஸ்ஸும் சம இடைவெளியில் மேடு மேடாகத் தெரியும், கம்பத்துப் பொறி பேண்டு முழுக்க ஒரே போர்வையாக விரியும்.

மூன்றாவது ஓசை தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு பக்கத்து ரிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். டக். ஒரு விநாடி இடைவெளி. டக். மறுபடியும் டக். கடிகாரம் மாதிரி, இரவு முழுக்க. யானைக்கும் பன்றிக்கும் போட்ட சோலார் வேலி. வேலி ஒழுங்காக இருந்தால் இவ்வளவு கேட்காது. கம்பியில் உண்ணிச்செடி படர்ந்தோ, இன்சுலேட்டர் விரிசல் விட்டோ, முறுக்கிய இணைப்பு தளர்ந்தோ இருக்கும் இடத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பொறி பறக்கும். அந்தப் பொறிதான் உங்கள் ரிசீவரில் டக். இருட்டின பிறகு தோட்டக்காரரோடு வேலி ஓரமாக நடந்தால் நீலப் பொட்டாகக் கண்ணுக்கே தெரியும், காதுக்கும் கேட்கும். அவருக்கும் அது லாபம்தான், பொறியில் போகிற பவர் யானைக்குப் போய்ச் சேராதே. அதுவரை நாய்ஸ் பிளாங்கரைப் போடுங்கள். குறுகிய துடிப்புகளுக்கென்றே செய்யப்பட்டது அது. நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற இன்னொரு பொத்தான் இதற்கு உதவாது, தொடர் இரைச்சலுக்குத்தான் அது. பிளாங்கரின் அளவை அதிகமாக ஏற்றினால் பக்கத்தில் இருக்கும் பலமான ஸ்டேஷன் நொறுங்கிக் கேட்கும், அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

முன்பக்கத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இரவில் 40 மீட்டரில் 7300-இன் திரையில் ‘ஓவிஎஃப்’ என்று எழுத்து மின்னினால் ரிக் கெட்டுவிடவில்லை. 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஒலிபரப்பு நிலையங்கள் டிஜிட்டலாக்கும் சில்லை நிரப்பிவிட்டன, அவ்வளவுதான். சிக்னலைப் பெருக்கும் ப்ரீ ஆம்பை அணையுங்கள். போதாவிட்டால் ஆர்எஃப் கெயினைக் குறையுங்கள் அல்லது சிக்னலைத் தணிக்கும் அட்டென்யுவேட்டரைப் போடுங்கள். பேண்டின் இரைச்சலே எஸ் 5-இல் நிற்கும்போது ப்ரீ ஆம்ப் போடுவது சந்தைக்கடையில் ஒலிபெருக்கி வைத்து ரகசியம் கேட்கிற கதை.

மைக்கை வாயில் திணித்துக் கத்த வேண்டாம். நாலு விரல் தள்ளிப் பிடித்து, ஏஎல்சி மீட்டரின் (பவர் எல்லை மீறாமல் அடக்கும் சுற்று எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுவது) முள் அதற்குரிய எல்லைக்குள் ஆடும்படி மைக் கெயினை வையுங்கள். மெல்லிய ஒலியையும் உயர்த்தும் கம்ப்ரஷனைப் போட்டால் உங்கள் குரலோடு சீலிங் ஃபேனும் பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் சேர்ந்து ஒலிபரப்பாகும். உரிமத்தில் 50 வாட் என்று இருப்பவர்கள் ஆர்எஃப் பவரை முதல் நாளே குறைத்து வைத்துவிடுங்கள். 100-க்கும் 50-க்கும் வித்தியாசம் 3 டெசிபெல், எதிர்முனை எஸ் மீட்டரில் அரை எஸ். கேட்பவருக்குத் தெரியாது, உங்கள் பேட்டரிக்குத் தெரியும்.

எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியே குறுஞ்செய்தி பரிமாறும் டிஜிட்டல் முறை) ஆட்களுக்கு: கேபிளைச் செருகும் முன் யுஎஸ்பி டிரைவரை நிறுவுங்கள். ரிக்கில் டேட்டா முறையின் மாடுலேஷன் மூலம் யுஎஸ்பி என்று இருக்க வேண்டும், இல்லையேல் பவரே வராது. கம்ப்யூட்டரைத் தொடங்கியதும் ரிக் தானாக டிரான்ஸ்மிட்டுக்குப் போகிறதென்றால் யுஎஸ்பி சென்ட் அமைப்பை அணைத்துவிடுங்கள். மென்பொருளின் பவர் ஸ்லைடரை ஏஎல்சி அசையாத அளவுக்கு இறக்கிவிட்டு, 25, 30 வாட்டில் ஓட்டுங்கள். ஒவ்வொரு 15 விநாடிச் சுற்றிலும் பன்னிரண்டரை விநாடிக்கு மேல் முழுப் பவரில் நிற்கும் முறை இது. தகரக் கூரை அறையில், ஏப்ரல் மதியத்தில், 100 வாட்டில் ஓட்டினால் ஃபேன் கதறும். எதுவுமே டீகோட் ஆகவில்லை என்றால் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பாருங்கள், இரண்டு விநாடி பிசகினாலே போச்சு.

அமைப்புகள் எல்லாம் ஒழுங்கானதும் எஸ்டி கார்டில் சேமித்துவையுங்கள். கார்டை ரிக்கிலேயே ஃபார்மேட் செய்வது நல்லது. ஃபர்ம்வேர் ஏற்றும்போது ரிக் பேட்டரியில் இருக்கட்டும், பாதியில் கரண்ட் போனால் பெட்டி கல்லாகிவிடும்.

தூசியும் பூச்சியும் பற்றி எந்தக் கையேட்டிலும் இருக்காது. செம்மண் தூசியும், குவாரிப் பக்கமானால் கல்தூசியும் ஃபேன் வழியாக உள்ளே போய் ஹீட் சிங்க்கில் மெத்தை மாதிரிப் படியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிரஷ்ஷும் புளோயரும். ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சுழலவிட்டால் பேரிங் போய்விடும். சூடான பெட்டி பல்லிக்குப் பிடிக்கும். ஸ்பீக்கர் ஓட்டை, பின்பக்கத்துக் காலி சாக்கெட் வழியே போய் முட்டையிடும். எறும்பு பின்னாலேயே போகும். ரிலேயில் எறும்பு நசுங்கினால் ரிசீவ் செத்து, தட்டினால் பிழைக்கும். காலி சாக்கெட்டுகளுக்கு மூடி போடுங்கள், மேசைக்கால்களைச் சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி வையுங்கள். ரிக்கைத் துணியால் மூடுவதென்றால் அணைத்து ஆறின பிறகு.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இறக்குமதிக் காகிதத்தையும் சீரியல் எண்ணையும் முதலில் ஒத்துப் பாருங்கள். பிறகு டம்மி லோடில் ஒவ்வொரு பேண்டிலும் பவர் வருகிறதா, ட்யூனர் ரிலே கடகடவென்று ஓடி நிற்கிறதா, டயலைச் சுற்றினால் எண்கள் தாவாமல் வருகிறதா. 10 மெகாஹெர்ட்ஸில் நேரக்குறி நிலையம் கேட்கும் நேரமானால் அலைவரிசை சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கலாம். 7300-இன் ஆஸிலேட்டர் பிசகுவது அரை பிபிஎம் (பத்து லட்சத்தில் அரைப் பங்கு), 14 மெகாஹெர்ட்ஸில் 7 ஹெர்ட்ஸுக்குள் நிற்க வேண்டும். அதுவும் பெட்டி சூடேறிய பிறகு.

விற்பவர் திரையின் பளபளப்பைக் காட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் ரிக்கைத் திருப்பி டிசி கேபிளை உருவுங்கள். நாலு பின் பிளக்கின் வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பேறியிருக்கிறதா, ஃபியூஸ் ஹோல்டரின் ரப்பர் உருகிச் சுருங்கியிருக்கிறதா, ஃபியூஸ் 25 ஆம்பியர்தானா அல்லது இரண்டு இழை செம்புக்கம்பி சுற்றியிருக்கிறதா. செம்புக்கம்பி இருந்தால் பேரம் பேச வேண்டாம், டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.